மருந்து வைத்த கை

ஆறாம் அத்தியாயம்

கடமலைக்குண்டில் கொலைகாரி யாரென்பது அன்று காலையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் இரண்டே பேர்: மதுரையிலிருந்து வந்திருந்த துப்பறியும் நல்லகண்ணுவும், அவருடைய கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த கமாலும்.

செத்துப்போனவள் கஸ்தூரியம்மாள், விவசாயம் பார்க்கிற சம்சாரி அழகுமலையின் மூத்த தாரம். போன வாரம் ஒரு விடியலில் காப்பித்தூளைக் கரைத்ததுபோல் கறுப்பாக வாந்தி எடுத்தாள். அப்புறம் சிவப்பாக எடுத்தாள். உச்சிப்பொழுதுக்குள் அடங்கிவிட்டாள். அந்த வீட்டில் உலை வைப்பவள் இளைய தாரம் மொக்கம்மாள். ஆகவே ஊர் ஒரே வார்த்தையில் வழக்கை முடித்துவிட்டது: “மருந்து வச்சுட்டா.”

அந்தப் பக்கத்தில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. தெரிந்து குடித்தால் குணமாக்கும். தெரியாமல் சோற்றில் வைத்தால் புருஷனை மயக்கும், சக்களத்தியை உருக்கும்.

“ஒரே பேரை வச்சுக்கிட்டு ரெண்டு யாவாரம் பாக்குறாகண்ணே,” என்றான் கமால். அவன் உத்தமபாளையத்துக்காரன். பத்து வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, முதலாளியைக் கிண்டல் பண்ணி வேலையைத் தொலைத்தவன். நல்லகண்ணு போலீஸ் உத்தியோகத்தை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியபோது, அவனுடைய வாய்க்காகவே அவனைச் சேர்த்துக்கொண்டார். சாட்சிகள் தம்மிடம் மறைப்பதை அவனிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

அவர்களை அழைத்து வந்தவர் கஸ்தூரியம்மாளின் அண்ணன் சின்னச்சாமி. பெரியகுளத்தில் மாந்தோப்புக் குத்தகைக்காரர். மதுரைக்கே வந்து, தங்கையைக் கொன்றவள் கையில் விலங்கு ஏறுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், கோர்ட்டில் நிற்கிற சாட்சி வேண்டும் என்று கேட்டிருந்தார். சாட்சி எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் போவேன், அதற்குச் சம்மதமானால் வருகிறேன் என்றார் நல்லகண்ணு. சின்னச்சாமி யோசிக்காமல் தலையாட்டினார்.

இன்ஸ்பெக்டர் சாவடியில் இருந்தார். செத்தவளின் குடலை விஷப் பரிசோதனைக்கு மதராசுக்கு அனுப்பியாகிவிட்டது; பதில் வர மாசக்கணக்கில் ஆகும். அதுவரை மொக்கம்மாள் பெரியகுளம் சப்ஜெயிலில் இருக்க வேண்டும். வெயில் தாழ்ந்ததும் வண்டி பூட்டச் சொல்லியிருந்தார். முற்றத்தை ஒட்டிய மாட்டுக் கொட்டத்தில் பால்குடி மாறாத பிள்ளையோடு அவள் உட்கார்ந்திருக்க, வாசலில் தலையாரி காவல் நின்றான். பிள்ளையையும் கூடவே ஜெயிலுக்குக் கொண்டுபோவதா, ஊரில் யாரிடமாவது விடுவதா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அதன் அப்பன் அழகுமலை முற்றத்தில் தலையைத் தொங்கப் போட்டுக் குந்தியிருந்தார். ரெண்டு பேரும் எனக்குப் பெண்டாட்டிதான், நான் யாரைப் பேச என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

கஸ்தூரியம்மாளின் அறை வீட்டின் பின்கட்டில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு மாடக்குழி, கொல்லையைப் பார்த்த ஒரு சன்னல். நாலைந்து வருஷமாக மூட்டுவாதம் அவளைப் பிடித்திருந்தது. முழங்கால் வீங்கிப் போய், விரல் கணுக்கள் முறுக்கிக்கொண்டு, ஆளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாளாம். மொக்கம்மாள் மூன்று வேளையும் சோற்றை வட்டிலில் போட்டு இந்த அறைக்கே கொண்டுவந்து வைப்பாள். அவள் வெளியே போனதும் மூத்தவள் கதவைச் சாத்திக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து வட்டில் கழுவிச் சுத்தமாக வாசற்படிக்கு வரும்.

நல்லகண்ணு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கமால் சன்னல் திண்டில் சாய்ந்தான். விடியற்காலையில் கண்டமனூரில் குடித்த காப்பியோடு சரி. அந்த வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்று சின்னச்சாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூலையில் கவிழ்ந்து கிடந்த வெண்கல வட்டிலைப் பார்த்ததும் அவனுக்கு வயிறு இன்னும் கத்தியது. அதை எடுத்து மோதிர விரலால் தட்டி, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிறவன்போல, “வாங்க மாமா, வந்து உக்காருங்க,” என்று ராகம் போட்டுப் பாடினான்.

கொல்லையில் எங்கெங்கோ மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் றெக்கையை அடித்துக்கொண்டு ஓடி வந்தன. சன்னலுக்குக் கீழே முண்டியடித்து நின்று, கழுத்தை நிமிர்த்தி அவனையே பார்த்தன.

நல்லகண்ணு நிமிர்ந்தார். “இன்னொருக்கத் தட்டு.”

தட்டினான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழட்டுச் சேவலும் தாவி வந்து சேர்ந்தது.

“என் பாட்டுக்கு எங்க வீட்டுல ஒருத்தரும் இப்பிடி ஓடியாந்ததில்லண்ணே.”

“உன் பாட்டுக்கு வரல கமாலு. வட்டில் சத்தத்துக்கு வருது. இந்தச் சன்னல் வழியா யாரோ தினம் சோறு போட்டுப் பழக்கியிருக்காங்க.”

கமால் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். கோழிகள் கொழுத்து, இறகு பளபளத்து, தீபாவளிக்கு வளர்த்ததுபோல் இருந்தன. அவன் வாய் தானாக அடுத்த வார்த்தையைச் சொல்லப் போய், சிரிப்பு வராமல் நின்றுவிட்டது. மூன்று வேளையும் மொக்கம்மாள் வைத்த சோறு இந்தக் கோழிகளின் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. விஷச் சோற்றைத் தின்ற கோழி ஒன்றுகூடச் சாகவில்லை. அதைத் தொடாத கஸ்தூரியம்மாள்தான் செத்துப்போனாள்.

கோழிகள் அடுத்த வீட்டு ராமுத்தாயுடையவை. கமால் வேலியோரம் போய், கோழி நல்லாயிருக்கே, என்ன தீவனம் என்று பேச்சுக் கொடுத்தான். அவள் முதலில் முறைத்தாள், பிறகு மடைதிறந்தாள். ரெண்டு மாசமாகத் தான் போடுகிற கம்பை அதுகள் மூக்கால்கூட மோந்து பார்ப்பதில்லையாம். கஸ்தூரி சன்னல் வழியாக அள்ளிப் போடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாளாம். அவளும் சொல்லவில்லை. தன் கோழி தின்று தனக்கு முட்டை வந்ததால் சொல்ல மனசும் வரவில்லை என்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதையும் சேர்த்தே ஒப்புக்கொண்டாள்.

அப்படியானால் கஸ்தூரி எதைத் தின்றுதான் உயிரோடு இருந்தாள் என்று கேட்டான் கமால். அண்ணன் வரும்போதெல்லாம் அவலும் பொரிகடலையும் முடிந்து கொடுத்துப் போவாராம். ராத்திரியில் அதில் ஒரு பிடி. மற்றபடி தண்ணீர்தான்.

“ஆளு நாராப் போயிட்டா. மருந்து வச்சா அப்பிடித்தான் உருக்கும்னு எல்லாரும் சொன்னாக. வயித்துல தீயா எரியுதும்பா. காதுக்குள்ள சில்வண்டு கத்திக்கிட்டே இருக்குன்னு பகல்லயும் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பா. நானும் காதை வச்சுக் கேட்டேன். ஒரு வண்டையும் காணோம்.”

கமால் திரும்பி வந்து இதைச் சொன்னபோது நல்லகண்ணு மாடக்குழியின் முன்னால் நின்றிருந்தார். ஒரே மாதிரியான சின்னச் சின்னப் பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள் அங்கே வரிசையாக இருந்தன. ஒன்றில் குங்குமம், ஒன்றில் மஞ்சள்தூள், ஒன்றில் விளக்கெண்ணெய், மற்றவை காலி. கண்ணாடிக் குப்பியை எறிய அந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது. அவர் காலிக் குப்பி ஒன்றின் மூடியைத் திருகி மோந்து பார்த்தார். பிறகு சில்வண்டைப் பற்றி ராமுத்தாய் சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

“இந்தக் குப்பியை இங்கன யாரு கொண்டாந்தது, கமாலு?”

அவன் மொக்கம்மாளிடம் கேட்டு வருகிறேன் என்று கிளம்பினான். வேண்டாம் என்று கையைக் காட்டினார் நல்லகண்ணு. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டிருந்தது. வேலை நல்லபடியாக முடியும்போது அவருக்கு முகம் அப்படி ஆகாது என்பது கமாலுக்குத் தெரியும்.

வெளியே, முற்றத்து வேப்பமர நிழலில், சின்னச்சாமி முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்கும் அதே சீக்கு, குடும்பத்து உடம்பு. கையோடு கொண்டுவந்த மஞ்சள் பையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்து உரித்தார். அவசரமில்லாமல் தின்றார். பிறகு மடியிலிருந்து பழுப்புக் குப்பி ஒன்றை எடுத்து, இரண்டு வெள்ளை வில்லைகளை உள்ளங்கையில் கொட்டி, வாயில் போட்டு, பையிலேயே கொண்டுவந்திருந்த தண்ணீரைக் குடித்தார்.

கமால் அந்தக் குப்பியைப் பார்த்தான், நல்லகண்ணுவையும் பார்த்தான். அவர் போய்ச் சின்னச்சாமிக்கு எதிரில் உட்கார்ந்தார். வலி எப்படி இருக்கிறது, இந்த வில்லை கேட்கிறதா என்று விசாரித்தார். நல்லாக் கேட்கிறது என்றார் சின்னச்சாமி. ஆஸ்பிரின் என்று பேர், பெரியகுளத்தில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது, படுத்தே கிடந்தவனை எழுப்பி உட்கார வைத்தது என்றார்.

“முதல்ல பழம் தின்னீங்களே, அது எதுக்கு?”

“வெறும் வயித்துல போடக் கூடாதுல்ல. வயித்தைப் புண்ணாக்கிரும்னு டாக்டரு சொல்லியிருக்காரு.”

“வேற என்ன சொன்னாரு?”

சின்னச்சாமி நல்ல நோயாளி. சொன்னதை அப்படியே மனசில் வைத்திருந்தார். சொன்ன அளவுக்கு மேல் ஒன்றுகூடப் போடக் கூடாது. வலி கூடுதலாக இருக்கிறதே என்று நாமாகக் கூட்டக் கூடாது.

“வயிறு எரிஞ்சா நிறுத்திப்புட்டு வரணும்னாரு. காதுல இரைச்சல் கேட்டா…”

அவர் பேச்சு அங்கேயே நின்றது.

“கேட்டா?” என்றார் நல்லகண்ணு, மெதுவாக.

“காதுல வண்டு கத்துற மாதிரிக் கேட்டா, மருந்து கூடிப்போச்சுன்னு அர்த்தமாம். அன்னிக்கே நிறுத்தணும்னாரு. வெளிக்குக் கறுப்பாப் போனா, உள்ள ரத்தம் கசியுதுன்னு…”

கமால் தரையைப் பார்த்தான்.

மிச்சத்தை அவரே துண்டு துண்டாகச் சொன்னார். தை மாசம் தங்கையைப் பார்க்க வந்தபோது அவள் வலியில் அழுதாள். தன் குப்பியை அவளிடம் கொடுத்தார். வலித்தால் ரெண்டு போட்டுக்க, இங்கிலீஷ் மருந்து, உடனே கேட்கும் என்றார். கேட்டது. அவள் நடந்தாள், சிரித்தாள். அடுத்த தரம் ரெண்டு குப்பியாகக் கொண்டுவந்தார். டாக்டர் சொன்னதை ஏன் சொல்லவில்லை என்று நல்லகண்ணு கேட்பதற்கு முன்னால் சின்னச்சாமியே சொன்னார். அவருடைய வீட்டில் வெறும் வயிறு என்று ஒன்று கிடையாது. நேரத்துக்கு முன்னாலேயே மருமகள்கள் இலை போட்டுவிடுவார்கள். எல்லார் வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுத்தானே இருப்பார்கள் என்று அந்தப் பேச்சு வாய்க்கு வரவே இல்லை.

கொஞ்ச நாளில் வயிறு எரிகிறது என்றாள் கஸ்தூரி. சோறு வைக்கிறவள் சக்களத்தி. அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஆண்டிபட்டிப் பக்கத்தில் மருந்து எடுக்கிறவன் ஒருத்தனிடம் வண்டியில் கூட்டிப் போனார். அவன் அவளை வாந்தி எடுக்க வைத்து, கறுப்பாக ஒரு கட்டியைக் காட்டி, இதோ அவள் வைத்த மருந்து, இனி அந்தக் கையால் ஒரு பருக்கை உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு போட்டான். அன்றிலிருந்து கோழிகள் கொழுத்தன. வலித்தபோதெல்லாம் வெறும் வயிற்றில் வில்லைகள் இறங்கின. எரிச்சல் கூடியது, அண்ணன் சந்தேகமும் கூடியது. உடம்பு மெலிந்ததும் காதில் வண்டு கத்தியதும்கூட மொக்கம்மாளின் கணக்கில்தான் ஏறின.

“எனக்கு ஒண்ணுமே செய்யலையே,” என்றார் சின்னச்சாமி. குப்பி இன்னும் அவர் கையில் இருந்தது. “அதே மருந்துதானே. எனக்கு ஒண்ணுமே செய்யலையே.”

“நீங்க சாப்பிட்டுட்டுப் போட்டீங்க,” என்றார் நல்லகண்ணு.

மருந்து வைத்த கையைத் தேடித்தான் அவரை அழைத்து வந்தார்கள். அந்தக் கை எதிரில் முழங்காலின் மேல் குப்பியைப் பிடித்தபடி இருந்தது. போலீஸ் உத்தியோகத்தில் எத்தனையோ பேரைப் பிடித்துக் கொடுத்த மனுஷர், பிடிக்க வேண்டியவரின் தோளில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததைக் கமால் அன்றுதான் பார்த்தான்.

சாவடிக்குச் சின்னச்சாமியே நடந்து போனார். குப்பியை இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்து, புகாரைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், கொன்றது நான்தான் என்றார். இன்ஸ்பெக்டர் நல்லகண்ணுவைப் பார்த்தார். தங்கைக்கு வலி மாத்திரை கொடுத்ததற்கு எந்தச் சட்டத்தில் எத்தனையாவது பிரிவு என்று அவருக்கும் தெரியவில்லை. கோழிகளை நேரில் வந்து பார்த்தார். கமால் வட்டிலைத் தட்டிக் காட்டினான். இந்தத் தடவை பாட்டுப் பாடவில்லை. மதராசிலிருந்து பதில் வரட்டும், அதுவரை இவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று எழுதி வைத்துவிட்டு, பூட்டின வண்டியில் தாம் மட்டும் ஏறிப் போனார்.

தலையாரி கொட்டத்துக் கதவைத் திறந்து விட்டான். மொக்கம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இருபது வயது இருக்கும். வெளியே பேசினதெல்லாம் ஓலைத் தடுப்பைத் தாண்டி அவளுக்குக் கேட்டிருக்கிறது. பிழைத்தோம் என்ற வெளிச்சம் முகத்தில் இல்லை. அவள் சின்னச்சாமியைப் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. நேராக நல்லகண்ணு முன்னால் வந்து நின்றாள்.

“ஐயா, அக்கா நான் வச்ச சோத்தைத் தின்னவே இல்லையா?”

சின்னச்சாமிதான் பேசினார். என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன், அவள் மாட்டேன் மாட்டேன் என்றுதான் சொன்னாள், குற்றம் என்னுடையது ஆத்தா என்றார். அவருடைய மகள் வயதுகூட இல்லாத பெண்ணை அவர் ஆத்தா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“சத்தியம் பண்ணுனாக இல்ல,” என்றாள் அவள். “மனசுல இல்லாம எப்பிடிப் பண்ணுவாக. என்னையப் பொண்ணு கேட்டு வந்ததே அக்காதான். இந்தப் பிள்ளைக்கு முதக் குளிப்பு அவுக மடியிலதான். கொலைகாரின்னு ஊரு சொன்னப்பக்கூட, அக்கா இருந்தா இந்தப் பேச்சை விட மாட்டாகன்னுதான் நெனச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன். அவுகளே நம்பலையே.”

அவளை விடுவித்த சாட்சியே இப்போது அவளுக்கு எதிரில் நின்றது. மூன்று வேளையும் சோறு சன்னல் வழியாகப் போயிருக்கிறது என்பதைச் சொல்லாமல் அவளைக் காப்பாற்ற வழியில்லை. சொன்ன பிறகு அவளைத் தேற்றவும் வழியில்லை.

“வட்டிலைக் குடுக்கையில ஒவ்வொருக்கவும் நல்லாயிருந்துச்சும்பாக,” என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “கடைசியில சொன்னதுகூடப் பொய்தானா. சாகுறதுக்கு மொதநாளு, புளிக்கொழம்புல உப்பு ஒரு கல்லு கூட ஆத்தா, நாளைக்குக் கொறைச்சுப் போடுன்னாக.”

கமால் தலையை நிமிர்த்தினான்.

“கூடத்தான் இருந்துச்சா?”

“என்னது?”

“உப்பு. நெசமாவே கூட இருந்துச்சா?”

அவள் யோசித்தாள். “ஆமா. நான் கடைசியில சாப்பிடையிலதான் எனக்கே தெரிஞ்சது. ரெண்டு தரம் போட்டுட்டேன் போல.”

“அவுக சொன்னது, நீ சாப்பிடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

கமால் நல்லகண்ணுவைப் பார்த்தான். அவர் கண்ணாலேயே, நீயே சொல் என்றார். எப்போதும் தானாக வருகிற குரலைக் கமால் அன்று தேடி எடுக்க வேண்டியிருந்தது.

“கோழி வந்து உப்புக் கூடன்னு அவுககிட்டச் சொல்லியிருக்காது, தங்கச்சி.”

மொக்கம்மாளுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, அக்கா செத்த அன்றைக்கு ஊரார் அழவிடாமல் தடுத்த அழுகையை அழத் தொடங்கினாள்.